கொதிக்கிறது, ஆனால் 100 வரவில்லை: நிலைமாற்றம், பிரித்தெடுத்தல் செய்முறைகளில் பிழை தேடும் வழி

பள்ளி ஆய்வகத்தில் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு வேதியியல் செய்முறை சொல்லித் தருகிறேன். நிலைமாற்றமும் கலவையைப் பிரித்தலும்தான் எப்போதும் முதலில் வரும். ஒரு பீக்கர், ஒரு புனல், தெர்மாமீட்டர், ஸ்பிரிட் விளக்கு, அவ்வளவுதான் தேவை. ஆனால் பிசகு அதிகம் நடப்பதும் இங்கேதான். பிசகிவிட்டால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? புத்தகத்தில் இருக்கும் எண்ணை ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுகிறார்கள். தண்ணீர் 97-இல் கொதித்தாலும் 100 என்றுதான் நோட்டில் இருக்கும். அதைத் திருத்தும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும். அந்த 97-க்கு ஒரு காரணம் இருந்தது. 100 என்று எழுதிய நிமிடமே அந்தக் காரணத்தைத் தேடும் வழி அடைபட்டுப்போகிறது.

அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் மேசையில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் செய்துவிட்டுப் போங்கள், ஏனென்றால் தெர்மாமீட்டர் சரியாக இல்லாவிட்டால் மற்ற எதையும் பேசிப் பயனில்லை.

ஐஸ் உருகுகிறது, தெர்மாமீட்டர் 3 அல்லது 4 காட்டுகிறது

பெரும்பாலும் தெர்மாமீட்டர் மீது தப்பு இருக்காது. பீக்கரில் இரண்டு பெரிய ஐஸ் கட்டியைப் போட்டு, அரை பீக்கர் குழாய்த் தண்ணீரும் ஊற்றியிருப்பீர்கள். கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் 0-வை ஒட்டி இருக்கும். அடியில் இருக்கும் தண்ணீர் 4 டிகிரியில் இருக்கும், ஏனென்றால் தண்ணீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம், அது கீழே போய்த் தங்கிவிடும். தெர்மாமீட்டரின் குமிழ் அடியைத் தொட்டுக்கொண்டு நின்றால் அது அந்த அடித் தண்ணீரின் கதையைத்தான் சொல்லும்.

ஐஸைத் துணியில் கட்டிச் சுத்தியலால் நன்றாக நொறுக்குங்கள். பீக்கரை நொறுங்கிய ஐஸால் நிரப்பி, இடுக்குகள் நிறையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். கூழ் மாதிரி இருக்க வேண்டும். குமிழ் நடுவில் இருக்கட்டும், அடியையும் சுவரையும் தொட வேண்டாம். கண்ணாடிக் கோலால் கலக்கி மூன்று நிமிடம் விடுங்கள். இப்போது 0 வந்தால் சரி. 1 காட்டி அங்கேயே நின்றால் அது கருவியின் பிழை. நோட்டின் மேலே "கருவிப் பிழை +1" என்று எழுதிவைத்து, 0 பக்கத்தில் எடுக்கும் அளவுகளில் ஒன்றைக் கழியுங்கள். மேல் அளவுகளுக்கு அதே பிழைதான் இருக்கும் என்று சொல்ல முடியாது, கொதிநீரிலும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

0-க்குக் கீழே, கழித்தல் 2, கழித்தல் 3 என்று போகிறதா? ஐஸில் உப்பு இருக்கிறது. மீன் பெட்டியில் கிடந்த ஐஸை வாங்கி வந்தால் இப்படி ஆகும். உப்பு சேர்ந்தால் உருகுநிலை இறங்கும். சரியான விகிதத்தில் உப்பும் ஐஸும் கலந்தால் கழித்தல் 21 டிகிரி வரைக்கும் இறக்கலாம். அந்தக் காலத்துக் கை ஐஸ்கிரீம் வாளியில் ஐஸோடு கல்லுப்பு அள்ளிப் போட்டதும் இதற்காகத்தான்.

சூடு கொடுத்துக்கொண்டே இருக்கிறேன், வெப்பநிலை ஏறவே மாட்டேன் என்கிறது

இந்தப் புகார்தான் எனக்கு அதிகம் வரும். "சார், தெர்மாமீட்டர் மாட்டிக்கிச்சு" என்று சொல்வார்கள். மாட்டவில்லை. எதுவும் கெடவில்லை. இந்தச் செய்முறையில் நீங்கள் பார்க்க வேண்டியதே இந்த நிற்றலைத்தான்.

ஐஸ் உருகும்போது உள்ளே போகும் வெப்பம் முழுவதும் மூலக்கூறுகளின் பிடியைத் தளர்த்துவதில் செலவாகிறது. கடைசித் துண்டு ஐஸ் இருக்கும்வரை வெப்பநிலை 0-விலேயே நிற்கும். இதற்குத்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர். வெளியே தெரியாமல் உள்ளே உறைந்திருக்கும் வெப்பம், நல்ல பொருத்தமான சொல்.

எவ்வளவு வெப்பம் என்று கணக்குப் போட்டால்தான் மனசில் பதியும். ஒரு கிராம் ஐஸை 0 டிகிரியிலேயே தண்ணீராக்க 334 ஜூல் வேண்டும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் போதும். 334-ஐ 4.18-ஆல் வகுத்தால் 80 வரும். அதாவது, ஐஸை வெறுமனே உருக்கச் செலவான வெப்பத்தை வைத்து அதே தண்ணீரை 0-விலிருந்து 80 டிகிரி வரை கொண்டுபோகலாம். கொதிக்கும்போது இதைவிடப் பெரிய செலவு. 100 டிகிரித் தண்ணீர் ஒரு கிராம் நீராவியாக 2260 ஜூல் வேண்டும். 0-விலிருந்து 100 வரை ஏற்ற ஆனதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். அதே தீயில் 100 வருவதற்கு 10 நிமிடம் பிடித்தது என்றால், முழுவதும் வற்ற 50 நிமிடத்துக்கு மேல் ஆகும். உங்கள் நேர அட்டவணையில் இந்த விகிதம் ஏறக்குறைய வருகிறதா என்று பாருங்கள். வந்தால் செய்முறை அருமையாக நடந்திருக்கிறது.

1760-களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னவர் ஜோசப் பிளாக். உருகுநிலையைத் தொட்ட பனிக்குக் கொஞ்சம் வெப்பம் கிடைத்தாலே மொத்தமாக உருகிவிடும் என்றுதான் அதுவரை நினைத்தார்கள். அப்படியானால் குளிர்காலம் முடிந்து வெயில் வந்ததும் மலைப்பனி எல்லாம் ஒரேயடியாக உருகி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்குமே என்று அவர் கேட்டார். கேள்வி எளிது, ஆனால் அதற்குப் பதில் சொல்ல முடியாமல் பழைய நம்பிக்கை விழுந்துவிட்டது.

பிள்ளைகளிடம் நான் இட்லிப் பானையைச் சொல்வேன். தண்ணீர் கொதித்து ஆவி வந்துவிட்டால், தீயைக் குறைத்தாலும் உள்ளே 100 டிகிரிதான். பெரிய தீ தண்ணீரைச் சீக்கிரம் வற்றவைக்குமே தவிர இட்லியைச் சீக்கிரம் வேகவைக்காது. நீராவி பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுவதும் அந்த 2260 ஜூலால்தான். தோலில் பட்டுத் தண்ணீராகும்போது அதை அங்கேயே இறக்கிவைத்துவிடும். ஆய்வகத்தில் ஆவிக்கு மேலே கையை நீட்டாதீர்கள்.

ஒரே ஒரு உண்மையான பிழை இந்த அறிகுறியில் உண்டு. வெப்பநிலை 100-க்குக் கீழே, உதாரணமாக 85-இல் நின்றுவிட்டது, குமிழியும் இல்லை என்றால் விளக்கு சிறிது, பீக்கர் பெரிது. வருகிற வெப்பமும் காற்றில் போகிற வெப்பமும் சமமாகிவிட்டன. தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள், பீக்கரை மூடுங்கள்.

கொதிக்கிறது, ஆனால் 100 வரவில்லை

முதலில், அது கொதிப்புதானா? 60, 70 டிகிரியில் பீக்கர் சுவரில் பொடிக் குமிழிகள் ஒட்டும். அது தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியே வருவது. உண்மையான கொதிப்பில் அடியிலிருந்து பெரிய குமிழி எழுந்து மேற்பரப்பு வரை வந்து உடையும், தண்ணீர் முழுவதும் புரளும்.

அது சரியாக இருக்கிறது, கருவிப் பிழையும் இல்லை என்றால், நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். 100 டிகிரி என்பது காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் இடத்துக்கு உரிய எண். அழுத்தம் 27 மில்லிமீட்டர் குறைந்தால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் 100-ஐ ஒட்டி வரும். ஏற்காட்டில் 95 பக்கம் வரும். 2200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊட்டியில் 92, 93-இலேயே தண்ணீர் புரண்டு கொதிக்கும். அங்கே திறந்த பானையில் சோறு வேக நேரமாவதும், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாததும் இதனால்தான். குக்கருக்குள் அழுத்தம் ஏறுவதால் தண்ணீர் 120 டிகிரி வரை போகிறது. மலையில் படிக்கும் பிள்ளைகள் ரெக்கார்டில் 93 என்று எழுத வேண்டும். அதை அடித்து 100 என்று திருத்துகிற ஆசிரியர் தன் பிள்ளைக்குக் கிடைத்த நல்ல கண்டுபிடிப்பைக் கெடுக்கிறார்.

100-க்கு மேல், 102, 103 வந்தால்? குமிழ் அடியைத் தொடுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏதோ கரைந்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 58 கிராம் உப்பைக் கரைத்தால் கொதிநிலை ஒரு டிகிரி ஏறும். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: குமிழைத் தண்ணீரிலிருந்து தூக்கி, மேலே ஆவியில் பிடியுங்கள். குமிழ் மேல் நீர்த்துளி படிந்து சொட்டத் தொடங்கியதும் படியுங்கள். ஆவியில் 100, தண்ணீரில் 102 என்றால் குற்றவாளி கரைபொருள். இரண்டிலும் 102 என்றால் கருவி.

நாப்தலீன் 80-இல் உருகவில்லை, 53-இலேயே உருகிவிட்டது

இது எங்களை ஒரு வருடம் முழுக்க அலைக்கழித்தது. ஆய்வகத்தில் நாப்தலீன் தீர்ந்துபோய், கடையில் பாச்சை உருண்டை வாங்கிப் பொடித்துப் பயன்படுத்தினோம். நாப்தலீனின் உருகுநிலை 80 டிகிரி. எங்களுக்கு எத்தனை தடவை செய்தாலும் 53 பக்கத்தில் வந்தது. தெர்மாமீட்டரை மாற்றினோம், சோதனைக்குழாயை மாற்றினோம். கடைசியில் உருண்டையே வேறு என்று புரிந்தது. கடையில் விற்கும் வெள்ளை உருண்டைகளில் பல பாரா டைகுளோரோபென்சீன் என்ற பொருள். அதன் உருகுநிலை 53 டிகிரி. பிள்ளைகள் எடுத்த அளவு முதல் நாளிலிருந்தே சரி.

பொடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஒரு டம்ளரில் சாதாரணத் தண்ணீர், இன்னொன்றில் இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீர், அதாவது 100 மி.லி.க்கு 36 கிராம். உருண்டையை முதலில் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது கற்பூரம். மூழ்கினால் எடுத்து உப்புத் தண்ணீரில் போடுங்கள். அதில் மிதந்தால் நாப்தலீன், அதிலும் மூழ்கினால் பாரா டைகுளோரோபென்சீன். மேலே ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளைக் கரண்டியால் தட்டிவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் குமிழியே தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

உருகிய நாப்தலீனை ஆறவிடும்போது வரைபடத்தில் இன்னொரு விநோதம் வரலாம். வெப்பநிலை 80-ஐத் தாண்டி 77, 76 வரை இறங்கும், திடீரென்று தானாக 80-க்கு ஏறி அங்கே நிற்கும். பார்த்தவுடன் தப்பாகப் படித்துவிட்டோம் என்று அந்தப் புள்ளிகளை அழித்துவிடாதீர்கள். உறைவதற்குத் தொடக்கமாக ஒரு படிகம் கிடைக்காததால் திரவமாகவே கீழே இறங்கியிருக்கிறது. முதல் படிகம் விழுந்ததும் உள்ளுறை வெப்பம் வெளியே வந்து வெப்பநிலையை ஏற்றிவிடுகிறது. மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருந்தால் இது வராது. நிற்கவேண்டிய கோடு சரிவாகப் போனால் பொருளில் கலப்பு இருக்கிறது. தூய பொருள் ஒரே வெப்பநிலையில் உறையும், கலப்பு சரிந்துகொண்டே உறையும்.

குழாயை நேராகத் தீயில் காட்டாமல் கொதிநீர்த் தொட்டியில் வைத்தே உருக்குங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த ஆவி சுவாசிக்க நல்லதல்ல.

பதங்கமாதலில் புகை போகிறது, புனலில் எதுவும் ஒட்டவில்லை

பதங்கமாதல் என்றால் திடப்பொருள் உருகாமலே நேராக ஆவியாவது. மணல், உப்பு, நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு) கலந்த கலவையைப் பீங்கான் கிண்ணத்தில் வைத்து, மேலே புனலைக் கவிழ்த்துச் சூடாக்குகிறீர்கள். வெள்ளைப் புகை வருகிறது. திறந்து பார்த்தால் புனலின் சுவரில் லேசான பூச்சுதான். மூன்று இடங்களில் தேடுங்கள். புனலின் காம்புத் துளையைப் பஞ்சால் அடைத்தீர்களா? இல்லையென்றால் ஆவி அதன் வழியே போய்விட்டது. புனல் சூடேறிவிட்டதா? ஆவி படிய வேண்டுமானால் சுவர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஈரத்துணியைப் பிழிந்து புனலைச் சுற்றிப் போடுங்கள், தண்ணீர் கிண்ணத்துக்குள் சொட்டக் கூடாது. தீ அதிகமா? சின்னச் சுடரை அங்கும் இங்கும் நகர்த்திக் காட்டினால் போதும்.

கண்ணும் மூக்கும் எரிந்தால் அதற்கும் காரணம் உண்டு. நவச்சாரம் பதங்கமாகிறது என்று எழுதினாலும், உள்ளே நடப்பது கொஞ்சம் வேறு. சூட்டில் அது அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது, குளிர்ந்த சுவரில் இரண்டும் மறுபடி சேர்ந்து நவச்சாரமாகப் படிகின்றன. புனல் சரியாக மூடாவிட்டால் இந்த இரண்டு வாயுவும்தான் உங்கள் மூக்குக்கு வருகின்றன.

கற்பூரத்தை வைத்துச் செய்தால் ஒரு எச்சரிக்கை. அது கோயிலில் கொளுத்துகிற சூடம்தான், தீப்பிடிக்கும். கிண்ணத்தை நேராகத் தீயில் வைக்காமல், சூடாக்கிய மணல் தட்டின் மேல் வையுங்கள். நேரமாகும், பரவாயில்லை.

கலவையில் இரும்புத்தூளும் இருந்தால், அதை முதலிலேயே எடுத்துவிடுங்கள். காந்தத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் வைத்துக் கலவை மேல் ஓட்டினால், பையை உருவும்போது தூள் தானாக விழும். மணலும் கூடவே வருகிறது என்றால் கலவையில் ஈரம் இருக்கிறது.

வடிகட்டியும் தண்ணீர் கலங்கலாகவே இருக்கிறது

வடிதாளை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். கூம்பின் முனையில் ஊசிமுனை அளவு கிழிசல் தெரிந்தால் பிரச்சினை முடிந்தது. மடிக்கும்போது முனையை நகத்தால் அழுத்தித் தேய்ப்பதால் அங்கே தாள் நைந்துபோகும். கிழிசல் இல்லையென்றால், தாளின் விளிம்புக்கு மேல் ஊற்றியிருப்பீர்கள். கலங்கல் தாளுக்கும் புனலுக்கும் நடுவே இறங்கிவிட்டது. முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாதீர்கள். கண்ணாடிக் கோலின் மேல் வழியவிட்டு ஊற்றுங்கள், கோல் தாளின் மூன்று மடிப்பு உள்ள பக்கத்தில் சாய்ந்திருக்கட்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் கலங்கல் என்றால், மணலோடு களிமண் இருக்கிறது. அந்தத் துகள் தாளின் துளையைவிடச் சிறியது. ஒரு மணி நேரம் அசையாமல் வைத்துத் தெளிந்ததை இறுத்துவிட்டு, அதை மட்டும் வடிகட்டுங்கள். படிகாரம் போடலாமா என்று கேட்பார்கள். குடிநீர் தெளியவைக்கப் படிகாரமும் தேற்றாங்கொட்டையும் நம் வீடுகளில் பழக்கம்தான். பானையின் உட்புறத்தில் கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் மண் திரண்டு அடியில் இறங்கும். ஆனால் இங்கே நமக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு வேண்டும். படிகாரம் போட்டால் கடைசியில் உப்போடு அதுவும் வரும்.

சொட்டுச்சொட்டாக, மிக மெதுவாக இறங்கினால்: ஊற்றுவதற்கு முன் தாளைக் கொஞ்சம் நீரால் நனைத்துப் புனலோடு ஒட்டவையுங்கள், காம்பின் நுனி கீழே இருக்கும் பீக்கரின் சுவரைத் தொடட்டும். அவ்வளவுதான்.

கிடைத்த எடை, போட்ட எடையைவிட அதிகம்

5 கிராம் உப்புப் போட்டோம், 5.8 கிராம் வந்திருக்கிறது. உப்பு பெருகவில்லை; ஈரம். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் படிகங்களுக்குள் தண்ணீர் இருக்கும். சூடாக்கி, ஆறவைத்து, எடை போடுங்கள். மறுபடி சூடாக்கி, ஆறவைத்து, எடை போடுங்கள். அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வரும்வரை இதுதான் வேலை. சூடாக இருக்கும் கிண்ணத்தைத் தராசில் வைக்காதீர்கள், அதனாலும் எடை தவறாக வரும்.

குறைவாக வந்தால் இரண்டு வழியில் போயிருக்கும். ஒன்று தெறிப்பு. கடைசி ஈரம் போகும்போது உப்புப் படபடவென்று வெடிக்கும். படிகத்துக்குள் சிக்கிய தண்ணீர் ஆவியாகி அதை உடைக்கிறது. மேசை மேல் வெள்ளைப் பொட்டுகள் கிடந்தால் அவைதான் உங்கள் காணாமல்போன உப்பு. தண்ணீர் கால்வாசி ஆனதுமே தீயைக் குறைத்து, மேலே ஒரு புனலைக் கவிழ்த்துவிடுங்கள்.

இன்னொன்று, மணலைக் கழுவாமல் விட்டது. வடிதாளில் இருக்கும் மணல் தன்னோடு உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். இதில் ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மணல் 5 மி.லி. பிடித்துக்கொள்கிறது என்று வையுங்கள். உங்களிடம் கழுவ 30 மி.லி. தண்ணீர் இருக்கிறது. மொத்தமாக ஒரே தடவை கலந்து வடித்தால், 35-இல் 5, அதாவது ஏழில் ஒரு பங்கு உப்பு மணலிலேயே தங்கும். அதே தண்ணீரை 10, 10, 10 என்று மூன்று தடவை ஊற்றி வடித்தால், ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். மூன்று தடவைக்குப் பிறகு 27-இல் ஒரு பங்கு. தண்ணீர் ஒரு சொட்டுகூட அதிகம் செலவாகவில்லை. வீட்டில் அரிசி களைவது, சோப்புத் துணி அலசுவது எல்லாமே இந்தக் கணக்குதான்.

படிகமே விழவில்லை

எந்த உப்பு என்று முதலில் கேட்க வேண்டும். சமையல் உப்பைச் சூடான தண்ணீரில் கரைத்து ஆறவிட்டு, படிகம் வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். 100 மி.லி. தண்ணீரில் குளிரில் ஏறக்குறைய 36 கிராம் கரையும், கொதிநீரில் 39 கிராம். வித்தியாசமே இல்லை. அதனால் உப்பைத் தண்ணீரை வற்றவைத்துத்தான் எடுக்க முடியும். வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) அப்படியில்லை: 20 டிகிரியில் 32 கிராம் கரைவது, 100 டிகிரியில் 240 கிராமுக்கு மேல் கரையும். ஆறவிட்டால் ஊசி ஊசியாகக் கொட்டும்.

மயில்துத்தம் (நீல நிறக் காப்பர் சல்பேட்) வைத்துச் செய்தும் வரவில்லை என்றால், தண்ணீர் அதிகம். கண்ணாடிக் கோலை கரைசலில் தோய்த்து எடுத்து ஊதிப் பாருங்கள். கோலில் உடனே பொடிப் படிகம் பூத்தால் போதுமான அளவு வற்றியாயிற்று. பூக்கவில்லை என்றால் இன்னும் வற்றவையுங்கள். பூத்தும் பீக்கரில் வரவில்லை என்றால் அதற்கு ஒரு தொடக்கம் வேண்டும்: சின்ன மயில்துத்தப் படிகம் ஒன்றைப் போடுங்கள், அல்லது பீக்கரின் உட்சுவரைக் கோலால் கீறிவிடுங்கள்.

பொடியாக வந்தால் அவசரமாகக் குளிரவைத்திருக்கிறீர்கள். ஐஸில் வைக்காமல், துணியால் மூடி இரவு முழுக்க ஒரு மூலையில் விட்டுவிடுங்கள். நீலம் போய் வெள்ளையாகிவிட்டால், காயவைக்கும்போது சூடு அதிகம். படிகத்தோடு சேர்ந்திருந்த படிக நீர் போய்விட்டது. மயில்துத்தப் படிகத்தைத் தாள்களுக்கு நடுவே ஒற்றித்தான் காயவைக்க வேண்டும்.

காய்ச்சி வடித்ததில் நிறம் வந்துவிட்டது, அல்லது வெப்பநிலை நிற்கவில்லை

மை கலந்த தண்ணீரை வடிக்கும்போது வடிந்த நீரிலும் நீலம் இருந்தால், கரைசல் துள்ளிக் குதித்துப் பக்கக் குழாய்க்குள் போயிருக்கிறது. குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். உடைந்த பீங்கான் துண்டு இரண்டு போட்டால் கொதிப்பு சீராகும். ஆனால் தொடங்குவதற்கு முன்பே போடுங்கள். மறந்துவிட்டால் தீயை அணைத்து, நன்றாக ஆறியபின் போடுங்கள். சூடான திரவத்தில் போட்டால் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும்.

வெப்பநிலை தாறுமாறாக இருந்தால் குமிழின் இடம் தப்பு. அது திரவத்துக்குள் இருக்கக் கூடாது, பக்கக் குழாய் பிரியும் இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். குளிர்விப்பானில் தண்ணீர் கீழிருந்து நுழைந்து மேலே வெளியேற வேண்டும், இல்லையென்றால் உறை முழுவதும் நிறையாது, ஆவி அப்படியே வெளியே வரும்.

அசிட்டோனும் தண்ணீரும் என்றால் 56 டிகிரியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு ஏறத் தொடங்கும். ஏறத் தொடங்கியதும் பீக்கரை மாற்றுங்கள். அசிட்டோன் பக்கத்தில் திறந்த தீ வேண்டவே வேண்டாம், சுடுநீர்த் தொட்டிதான். எத்தனாலும் தண்ணீரும் என்றால், எத்தனை தடவை வடித்தாலும் எத்தனால் எடையில் 95.6 சதவீதத்தைத் தாண்டாது. அந்த விகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஆவியாகின்றன. உங்கள் கைத்திறனில் குறையில்லை.

மைப் பொட்டு தாளில் ஏறவில்லை

வண்ணப்பிரிகையில், மைப் பொட்டு வைத்த தாளின் அடியைத் தண்ணீரில் தோய்த்து, ஏறும் தண்ணீரோடு நிறங்களைப் பிரிப்போம். தாளில் பொட்டு அப்படியே நின்றால் அது தண்ணீரில் கரையாத மை. ஸ்பிரிட்டில் செய்து பாருங்கள். பொட்டு காணாமல் போய்த் தொட்டித் தண்ணீர் நிறமாகியிருந்தால், பொட்டு தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்திருக்கிறது. தொடக்கக் கோடே நிறம் நிறமாகப் பிரிந்து ஏறினால் பேனாவால் வரைந்திருக்கிறீர்கள். பென்சில்தான் வேண்டும்.

உப்பு கிடைத்தது, மறுநாள் ஈரமாகிவிட்டது

கடல்நீரைக் கொண்டுவந்து உப்பு எடுக்கும் பிள்ளைகளுக்கு இது நடக்கும். நல்ல வெள்ளை உப்பு, காலையில் வந்து பார்த்தால் கிண்ணத்தில் கசகசவென்று இருக்கும். சரியாகக் காயவைக்கவில்லை என்று மறுபடி சூடாக்குவார்கள், மறுநாள் அதே கதை.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் சமையல் உப்பு. மிச்சத்தில் மெக்னீசியம் குளோரைடு முக்கியமானது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதுதான், கசப்பும் அதனால்தான். நீங்கள் கடைசிச் சொட்டு வரை வற்றவைத்ததால் எல்லாம் சேர்ந்து கிண்ணத்தில் தங்கிவிட்டன.

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் யாரும் பாத்தியைக் கடைசி வரை வற்றவிடமாட்டார்கள். நீரின் அடர்த்தியைப் பாமே மானி என்ற மிதக்கும் கருவியால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்; அதன் அளவுக்கும் பாமே என்றுதான் பெயர். முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் முன் பாத்திகளிலேயே படிந்துவிடும். 25 பாமே பக்கம் வரும்போது நீரை உப்புப் பாத்திக்கு மாற்றுவார்கள், அங்கே உப்பு விழத் தொடங்கும். 29, 30 பாமே நெருங்கும்போது மிச்ச நீரைத் திறந்து வெளியே விட்டுவிடுவார்கள். மெக்னீசியம் உப்புகள் அந்த நீரோடு போய்விடும்.

உங்கள் கிண்ணத்திலும் அதையே செய்யலாம். முதலில் பாதிக்கு மேல் வற்றியதும் அடியில் ஒரு வெள்ளைப் படலம் தெரியும், அதை வடிகட்டிவிடுங்கள். பிறகு தொடர்ந்து வற்றவையுங்கள். உப்பு நன்றாக விழுந்து, இரண்டு ஸ்பூன் அளவு நீர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது தீயை அணைத்துக் கிண்ணத்தைச் சாய்த்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். மேலே இருக்கும் உப்பைச் சில சொட்டுக் குளிர்ந்த நீரால், அல்லது நிறைய உப்பு கரைந்த சுத்தமான உப்பு நீரால் ஒரு தடவை அலசி, அந்த நீரையும் வடித்துவிட்டுக் காயவையுங்கள். எடை கொஞ்சம் குறையும். நோட்டில் குறைந்த எடையையே எழுதி, பக்கத்தில் மிச்ச நீரைக் கொட்டியதையும் எழுதுங்கள். மறுநாள் காலையில் கிண்ணத்தைத் தட்டினால் உப்பு பொலபொலவென்று உதிரும்.